இருபதுகளில் முட்டி வலி: மெடிக்கலில் விற்கும் நீ கேப், ஸ்ட்ராப், டேப்பில் எதை வாங்கலாம்?

எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் இடுப்பு பெல்ட்டுக்கும் கழுத்துப் பட்டைக்கும் பக்கத்தில் முட்டியில் மாட்டும் உறையான நீ கேப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். வயதானவர்களுக்கான பொருள் என்றுதான் பேச்சு. ஆனால் வாங்க வருபவர்களில் இருபத்தி நான்கு, இருபத்தி ஏழு வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். எக்ஸ்ரே நார்மல், ரத்தப் பரிசோதனை நார்மல். எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் அதில் "லேசான தேய்மானம்" என்று ஒரு வரி. ஒரு டாக்டர் ஜவ்வு என்கிறார், இன்னொருவர் வெயிட்டைக் குறைக்கச் சொல்கிறார். வீட்டில் "இந்த வயசுல என்ன முட்டி வலி" என்கிறார்கள். படி இறங்கும்போது வலி அப்படியே இருக்கிறது. இந்த விமர்சனம் அந்த நிலையில் கடைக்குப் போய் நிற்பவர்களுக்காக எழுதியது.

விலைக்குத் தகுந்த பலன் தருவது எது என்று கேட்டால், சாதாரண நீ கேப்புக்கு ஐந்தில் இரண்டு மதிப்பெண் தரலாம். சரியாக ஒட்டினால் விறைப்பு டேப்புக்கு மூன்றரை. முழங்கால் சில்லுக்குக் கீழே கட்டும் ஸ்ட்ராப்புக்கு, வலி சரியாக அந்த இடத்தில் இருந்தால் மட்டும் மூன்று. இரும்புக் கீல் வைத்த பிரேஸ், டாக்டர் பார்த்துச் சொல்லாதவரை வேண்டாம். இதே கடைகளில் ஓரமாகத் தொங்கும், உடற்பயிற்சிக்கான ரப்பர் பேண்டுக்கு நாலரை. காரணங்களைக் கீழே சொல்கிறோம்.

முதலில் ஸ்கேன் நார்மல் என்பதன் பொருள். இளம் வயதினருக்கு நாள்பட்டு வரும் முன்முட்டி வலியில் பெரும்பகுதி, முழங்கால் சில்லும் தொடை எலும்பும் உரசிச் செல்லும் இடத்தைச் சுற்றியது. பட்டெல்லோஃபிமரல் வலி என்பார்கள். இதை உறுதிசெய்ய ஸ்கேன் கிடையாது. குத்தவைத்தால் வலிக்கிறதா, படி இறங்கினால் வலிக்கிறதா, சினிமா தியேட்டரிலோ பஸ்ஸிலோ காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் வலிக்கிறதா என்று கேட்டு, குத்தவைக்கச் சொல்லிப் பார்த்து, மற்ற நோய்களை விலக்கித்தான் முடிவுக்கு வருவார்கள். படம் சுத்தமாக இருந்தும் வலி இருப்பது இந்த நோயின் இயல்பு. எதிர்ப்பக்கமும் உண்டு: வலியே இல்லாதவர்களின் எம்.ஆர்.ஐ.யிலும் குருத்தெலும்பு மென்மையாகியிருப்பதாக அறிக்கை வரும். ஆகவே அறிக்கையில் அந்த ஒரு வரியைப் பார்த்து "இருபத்தைந்திலேயே முட்டி தேய்ந்துவிட்டது" என்று பயந்து, நடப்பதை நிறுத்திவிட்டு நீ கேப்புக்குள் காலை நுழைத்துக்கொள்வதுதான் நடக்கும் தவறுகளில் பெரியது.

சில்லின் மேல் விழும் பாரத்தைத் தெரிந்துகொண்டால் எந்தப் பொருள் எதற்கு என்பது விளங்கும். சமதரையில் நடக்கும்போது உடல் எடையில் ஏறக்குறைய பாதி. படி ஏறி இறங்கும்போது மூன்று மடங்குக்கு மேல். முழுதாகக் குத்தவைக்கும்போது ஏழு மடங்கு அளவுக்குப் போகும். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லாத பி.ஜி. விடுதி, அதில் இந்தியன் டாய்லெட் என்று வாழ்பவரின் சில்லு ஒரு நாளில் வாங்கும் பாரத்தை ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள துணி உறை குறைத்துவிடாது.

இனி சாதாரண நீ கேப். குழாய் மாதிரி பின்னிய எலாஸ்டிக் துணி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், சிலது ஜோடியாகவே வரும். இது மூன்று வேலை செய்யும். மூட்டைச் சூடாக வைக்கும். தோலை லேசாக அழுத்திக்கொண்டே இருப்பதால், கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற உணர்வை மூளைக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். பயத்தைக் குறைக்கும். மூன்றாவதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. படியில் கால் வைக்கவே பயந்து ஒற்றைக் காலில் பாரம் போட்டு நடப்பவர், இதைப் போட்டதும் இரண்டு காலிலும் சமமாக நடந்தால் அது நல்லதே. ஆனால் சில்லை இடம் மாற்றவோ, ஜவ்வைத் தாங்கவோ, தேய்மானத்தைத் தடுக்கவோ இதனால் முடியாது. அமெரிக்க ஃபிசியோதெரபி சங்கத்தின் எலும்பியல் பிரிவு 2019-ல் வெளியிட்ட வழிகாட்டி, சில்லுப் பக்க வலிக்கு உறை, ஸ்ட்ராப், பிரேஸ் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. சிலருக்கு இதமாக இருக்கிறது என்பதற்காகத்தான் இங்கே இரண்டு மதிப்பெண்.

வாங்கும்போது அளவில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. "எல் சைஸ் குடுங்க" என்று சட்டை அளவைச் சொல்லி வாங்குகிறார்கள். நீ கேப் அளவு, கால் சுற்றளவைப் பொறுத்தது. எங்கே அளக்க வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்று சில்லின் நடுவில் அளக்கச் சொல்லும், இன்னொன்று சில்லுக்கு இத்தனை சென்டிமீட்டர் மேலே தொடையில் அளக்கச் சொல்லும். பெட்டியின் பின்பக்கம் ஒரு கால் படமும் அம்புக்குறியும் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு தையல் டேப்பால் நின்றபடி அளந்துகொள்ளுங்கள். வலிக்கும் காலையும் மற்ற காலையும் தனித்தனியே அளப்பது நல்லது. வலிக்கிற காலின் தொடை இளைத்திருந்தால் அதுவே டாக்டரிடம் சொல்ல வேண்டிய தகவல். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுங்கள். போட்டபின் மேல் ஓரத்தில் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். அதற்கு வெட்கப்பட வேண்டாம், காசு உங்களுடையது. வாசல் படி ஒன்று போதும், உயரம் 15 முதல் 20 சென்டிமீட்டர் இருக்கட்டும். வலிக்கும் காலைப் படியின் மேலேயே வைத்துக்கொண்டு, மற்ற காலை மெதுவாகத் தரைக்கு இறக்கி, குதிகால் தொட்டதும் மேலே எடுங்கள். ஐந்து முறை. வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் கொடுங்கள். நீ கேப்பைப் போட்டுக்கொண்டு அதே ஐந்து முறை. ஆறு என்றிருந்தது நான்காகவாவது இறங்கினால் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. ஆறு ஐந்தரை ஆனால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சில சமயம் எண் கூடும். சில்லை முன்னிருந்து தொடை எலும்போடு சேர்த்து அழுத்துவதால் அப்படி ஆகும். சில்லுக்குக் கீழே உள்ள கொழுப்புத் திண்டு வீங்கியிருந்தாலும் ஆகும். அப்படிப்பட்டவர்கள் சில்லுக்கு நேராக ஓட்டை வைத்த, ஓட்டையைச் சுற்றி வளையமாகப் பஞ்சு வைத்த மாதிரியை முயலலாம், அல்லது உறையையே விட்டுவிடலாம்.

நியோப்ரீன் உறை என்று கொஞ்சம் கனமான, ரப்பர் மாதிரி ஒன்று விலை கூடுதலாகக் கிடைக்கும். சூடு நன்றாகப் பிடிக்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்களுக்கு அது இதம். சென்னை, மதுரை, திருச்சி வெயிலில் பேன்ட்டுக்குள் இதைப் போட்டுக்கொண்டு பைக்கில் போனால் முட்டி மடிப்பில் வியர்வை தேங்கி வேர்க்குரு வரும். சிலருக்கு அதைவிடத் தொல்லை: ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ரசாயனங்களால் உறையின் வடிவத்திலேயே தோல் சிவந்து அரிக்கும். அப்படி வந்தால் துவைத்துப் போட்டுப் பார்க்கலாம் என்று தொடர வேண்டாம். இன்னொரு முறை போட்டால் இன்னும் அதிகமாகும். சின்னச் சின்னத் துளை போட்ட நியோப்ரீன் கொஞ்சம் பரவாயில்லை.

உறைக்குள் தைலம் தடவிப் போடும் பழக்கத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். மென்தாலும் மீதைல் சாலிசிலேட்டும் கலந்த தைலங்களை இறுக்கமான உறைக்குள் பூட்டிவைத்தால் தோல் வெந்து கொப்புளம் வரலாம். இந்த வகைத் தைலங்களால் ஏற்பட்ட தீப்புண் போன்ற காயங்கள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012-ல் பொது எச்சரிக்கையே விட்டது. தைலமா, உறையா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

எவ்வளவு நேரம் போடலாம்? படியேற்றம் அதிகமுள்ள வேலை, நீண்ட பஸ் பயணம், கிரிவலம் போன்ற நடை. அந்த வேலைக்குப் போட்டு, முடிந்ததும் கழற்றுங்கள். தூங்கும்போது கூடாது. கழற்றி அரை மணி நேரம் ஆகியும் ஓரத்தின் பள்ளம் தோலில் அப்படியே இருந்தால் இறுக்கம் அதிகம். கணுக்கால் வீங்கினாலோ கெண்டைக்கால் கல் மாதிரி இறுகி வலித்தாலோ உறையை எடுத்துவிட்டு, வீக்கம் இறங்காவிட்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மேல் ஓரம் சுருண்டு கயிறு மாதிரி தொடையைக் கவ்வுவது மலிவான மாடல்களில் சாதாரணம். உள்ளே சிலிக்கான் கோடு போட்ட மாடலில் அது குறைவு.

அடுத்தது ஸ்ட்ராப். ஒரே ஒரு பட்டை, நடுவில் குழாய் மாதிரி ஒரு திண்டு. வலி சில்லின் கீழ்முனையில், விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி ஒரே இடத்தில் இருக்க வேண்டும். வாலிபால், பேட்மின்டன், கபடி என்று குதிக்கும்போதும் உந்தி எழும்போதும் வலி வர வேண்டும். அப்போது சந்தேகம் சில்லுக்குக் கீழே இறங்கும் தசைநாண் மேல் விழுகிறது, ஸ்ட்ராப்புக்கு வேலை உண்டு. கட்டும் விதம்: உட்கார்ந்து காலை லேசாக மடக்குங்கள். சில்லின் கீழ்முனையைத் தடவுங்கள். அதற்குக் கீழே கெட்டியான ஒரு நாண் இறங்கி, முன்கால் எலும்பின் மேட்டில் போய் முடியும். முனைக்கும் மேட்டுக்கும் நடுவில் திண்டு உட்கார வேண்டும். பலர் சில்லின் மேலேயே கட்டிவிடுகிறார்கள், அது வலியைக் கூட்டும். இன்னொரு ஆபத்து வெளிப்பக்கத்தில். முட்டிக்குச் சற்றுக் கீழே வெளிப்புறம் உருண்டையாக ஒரு எலும்பு தட்டுப்படும், அதைச் சுற்றித்தான் பாதத்தைத் தூக்கும் நரம்பு போகிறது. பட்டை அதை இறுக்கினால் புறங்காலில் மரமரப்பு வரும். வந்தால் உடனே தளர்த்துங்கள். ஸ்ட்ராப் விளையாடும் நேரத்துக்கு மட்டும். தசைநாணைச் சரிசெய்வது படிப்படியாகப் பாரம் ஏற்றும் பயிற்சிதான். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்வதுபோல் பாதி இறங்கி 45 நொடி, இடையில் ஒன்றிரண்டு நிமிடம் ஓய்வு, இப்படி ஐந்து முறை செய்தால் சிலருக்கு அப்போதைக்கு வலி இறங்கும்.

கீல் வைத்த பிரேஸ் ஆயிரத்தைத் தாண்டும். அடிபட்டு உள்பக்க ஜவ்வு இழுத்துக்கொண்டவர்களுக்கும், முன்ஜவ்வு அறுந்து கால் விலகுபவர்களுக்கும் டாக்டர் எழுதிக் கொடுப்பது. கீலின் மையமும் முட்டி மடங்கும் மையமும் ஒன்றாக இல்லாவிட்டால் நடக்க நடக்கச் சரிந்து கணுக்காலுக்கு வந்துவிடும். காரணம் தெரியாத முன்முட்டி வலிக்கு இதை வாங்குவது வீண். தொடையிலிருந்து கணுக்கால் வரை நீண்டு காலை மடக்கவே விடாத இம்மொபிலைசரையும் சிலர் "ரெஸ்ட்" என்று தாங்களே வாங்கி வாரக்கணக்கில் போடுகிறார்கள். இரண்டே வாரத்தில் தொடைத் தசை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இளைக்கும். இளைத்த தசை சில்லுக்கு இன்னும் பாரம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

டேப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவு குறைவு, பலன் அந்த இடத்திலேயே தெரியும், தவறாக ஒட்டுபவர்களும் அதிகம். ஆஸ்திரேலிய ஃபிசியோதெரபிஸ்ட் ஜென்னி மெக்கானல் 1986-ல் விவரித்த முறை இது. சில்லை நிஜமாகவே நகர்த்துகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, ஆனால் பலருக்கு வலி குறைவது உண்மை. மேலே சொன்ன 2019 வழிகாட்டியும், பயிற்சியோடு சேர்த்து, நான்கு வாரம் வரை என்ற வரம்போடு டேப்பை ஏற்கிறது.

இரண்டு ரோல் வேண்டும். அடியில் ஒட்ட வெள்ளை நிற மென்மையான டேப், 5 சென்டிமீட்டர் அகலம். மேலே பழுப்பு நிற, நீளாத விறைப்பு டேப், 3.8 சென்டிமீட்டர். கலர் கலராக நீளும் கைனீசியோ டேப் வேறு பொருள், அதற்கு இந்த விறைப்பு கிடையாது. முடியை முந்தின நாளே மழித்துவிடுங்கள், அன்றே மழித்து ஒட்டினால் எரியும். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து, காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்து, தொடையைத் தளர விடுங்கள். வெள்ளை டேப்பை இழுக்காமல் சில்லின் வெளி ஓரத்திலிருந்து முட்டியின் உள்பக்க ஓரம் வரை ஒட்டுங்கள். பழுப்பு டேப்பை வெளி ஓரத்தில் பதித்து, ஒரு கையால் சில்லையும் தோலையும் உள்நோக்கித் தள்ளிக்கொண்டே மறுகையால் டேப்பை இழுத்து உள்பக்கம் ஒட்டுங்கள். உள்பக்கத் தோல் லேசாகச் சுருங்கினால் சரியாக வந்திருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்று பட்டை. பின்மடிப்புக்குள் டேப் போகக் கூடாது. சுற்றி வளைத்து முழு வட்டமாகவும் கட்டக் கூடாது.

உடனே எழுந்து அதே படி சோதனை. வலி பாதியாகக் குறையாவிட்டால் கழற்றி மறுபடி ஒட்டுங்கள். இரண்டாம் முறையும் பலனில்லை என்றால் உங்கள் முட்டிக்கு டேப் இல்லை, விட்டுவிடுங்கள். இரவில் எடுத்துவிட வேண்டும், அதுவும் தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்து மெதுவாக. பிய்த்து எடுத்தால் தோல் உரியும். முதல் தடவை ஒரு ஃபிசியோவிடம் ஒட்டிக் காட்டச் சொல்லி, அதை மொபைலில் படம் எடுத்துக்கொண்டால் பிறகு நீங்களே செய்யலாம்.

டேப் தருவது ஒரு சாளரம். வலி குறைந்திருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் பயிற்சி செய்ய வேண்டும். ரப்பர் பேண்டுக்கு நாலரை கொடுத்தது இதனால்தான். இடுப்புக்கும் முட்டிக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுப்பதுதான் இந்த வலிக்கு ஆய்வுகளின் பலமான ஆதரவுள்ள சிகிச்சை. அல்ட்ராசவுண்ட், கரன்ட் வைப்பது, லேசர் போன்றவற்றை அதே வழிகாட்டி ஏற்கவில்லை. கிளினிக்கில் பத்து சிட்டிங்கும் மெஷின் மட்டும் வைத்து அனுப்பினால் "எனக்குப் பயிற்சி சொல்லிக் கொடுங்க" என்று கேளுங்கள்.

தொடங்க இது போதும். பேண்டை இரண்டு முட்டிக்கும் சற்று மேலே மாட்டி, ஒருக்களித்துப் படுத்து, பாதங்கள் ஒட்டியிருக்க மேல் முட்டியை மட்டும் திறந்து மூடுவது. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது. நாற்காலியில் உட்காரப் போவதுபோல், கையை ஊன்றாமல் மூன்று நொடி எடுத்துப் பாதி இறங்கி எழுவது. தாழ்ந்த படியில் இறங்கும் பயிற்சி, 10 சென்டிமீட்டரில் தொடங்கி மெல்ல 20-க்கு. ஒவ்வொன்றும் பத்து பத்தாக மூன்று செட், ஒரு நாள் விட்டு ஒரு நாள். நின்றபடி முட்டியை மடக்கும் பயிற்சியில் முதல் சில வாரம் 45 டிகிரியைத் தாண்ட வேண்டாம், அதற்கு மேல் மடங்கும்போதுதான் சில்லின் மேல் அழுத்தம் ஏறுகிறது. பயிற்சியின்போது வலி பத்துக்கு மூன்று வரை இருக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். ஆறு வாரத்துக்கு முன் பலனை எதிர்பார்க்க வேண்டாம். மூன்றாவது வாரத்தில் "இதுவும் வேலைக்காகலை" என்று விட்டுவிடுவதால்தான் பலருக்கு வலி வருடக்கணக்கில் இழுக்கிறது.

கடைக்கே போகாமல் டாக்டரிடம் போக வேண்டிய வலிகளும் உண்டு. தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, முட்டிக்கு மேலோ கீழோ வளரும் கெட்டியான வீக்கம். எலும்புப் புற்றுகளில் ஆஸ்டியோசார்கோமா பதின்பருவத்திலும் இருபதுகளிலும் அதிகம் வருவது முட்டியை ஒட்டிய எலும்புகளில்தான். அரிதான நோய், ஆனால் ஒரு சாதாரண எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடக் கூடாது. காய்ச்சலோடு முட்டி சிவந்து சுட்டு, கால் ஊன்ற முடியாமல் போனால் அன்றே அவசரப் பிரிவு. ஒற்றை முட்டி மாதக்கணக்கில் மெதுவாக வீங்கி, மாலையில் லேசான காய்ச்சலும் எடை இழப்பும் இருந்தால் மூட்டுக் காசநோயை நம் ஊரில் மறக்கக் கூடாது. முட்டி பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் நின்றால், மூட்டுக்குள் திண்டு மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்திருக்கலாம். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, கூடவே அடிமுதுகில் வலி, கண் சிவப்பு, தோலில் செதில் இவற்றில் ஏதாவது இருந்தால் வாத நோய் மருத்துவரைப் பாருங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ருமட்டாலஜிக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது.

கவனத்துக்கு வராமல் போவது இடுப்பு மூட்டு. தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து சிதையும் நோய், ஸ்டீராய்டு எடுத்த, அல்லது மது அதிகமுள்ள இளைஞர்களுக்கு வருவது. சிலருக்கு இது இடுப்பில் வலிக்காமல் முட்டியில் வலியாகவே தெரியும். முட்டியை எத்தனை ஸ்கேன் எடுத்தாலும் நார்மலாகத்தான் வரும். மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் கொண்டுபோனால் தொடை உட்புறமாகச் சுழலும். அந்த அசைவு மறு காலைவிடக் குறைந்து வலித்தால், "இடுப்பையும் பாருங்க டாக்டர்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முட்டியை மட்டும் தொட்டுப் பார்த்து அனுப்பும் அவசரமான ஓ.பி.யில் இந்த ஒரு வாக்கியம் வருடங்களை மிச்சப்படுத்தலாம்.

நீ கேப்போ டேப்போ வாங்கிவிட்டீர்கள் என்றால் இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எத்தனை மாடி ஏறினீர்கள், போட்டபோதும் போடாதபோதும் வலி எண் என்ன, மறுநாள் காலை எப்படி. டாக்டரிடம் "வலிக்குது" என்பதைவிட "படி இறங்கினா ஆறு, டேப் போட்டா மூணு, காலையில விறைப்பு அஞ்சு நிமிஷம்" என்பது நூறு மடங்கு பயன்.

உறையைத் துவைக்கும்போது முறுக்கிப் பிழியாமல், சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் விரித்துக் காயப்போடுங்கள். வெயிலிலும் வாஷிங் மெஷின் சூட்டிலும் எலாஸ்டிக் செத்துவிடும். அளந்து வாங்கிய நீ கேப் நடக்க நடக்கக் கீழே இறங்க ஆரம்பித்தால் அதன் ஆயுள் முடிந்தது. அப்போது அடுத்ததை வாங்குவதற்கு முன், அது இல்லாமல் அதே படியில் ஐந்து முறை இறங்கிப் பாருங்கள். எண் இரண்டுக்குக் கீழே இருந்தால் வாங்க வேண்டியதில்லை.